சேமியா முதலாளி புதுச்சேரியில் பிறந்த விதம்

ஜானகிராமனின் சேமியா இயந்திரத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. பிரான்சின் மார்செய் நகரத்தில், இன்ன பட்டறையில், இன்ன வருஷத்தில் செய்யப்பட்டது என்று அதன் வயிற்றில் பித்தளைத் தகடு அடித்திருந்தார்கள். ஐம்பத்தைந்தாம் வருஷம் சைகோனிலிருந்து நான்கு மரப்பெட்டிகளில் அது புதுச்சேரிக்கு வந்து இறங்கியபோது, சுங்கத்தார் தகட்டைப் பார்த்தார்கள், தாளைப் பார்த்தார்கள், அரை மணி நேரத்தில் முத்திரை குத்திப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். அதே கப்பலில் வந்து இறங்கிய ஜானகிராமனின் வயிற்றில் தகடு எதுவும் இல்லை. ஆகவே இரண்டு வருஷம் கழித்தும் அவன் வந்து சேர்ந்ததாக ஆகவில்லை.

வந்து சேராத அந்த மனிதன் முத்தியால்பேட்டையில் ஒரு கொட்டகை போட்டு, மாவைப் பிசைந்து, சேமியாவாகப் பிழிந்து, மூங்கில் கழிகளில் காயவைத்து விற்றுக்கொண்டிருந்தான். பன்னிரண்டு பெண்கள் அவனிடம் வேலை செய்தார்கள். ஊரில் பாதிக் கல்யாணங்களில் பாயசம் அவன் புண்ணியத்தில்தான் கொதித்தது. ஊர் அவனைச் சேமியா முதலாளி என்று கூப்பிட்டது. ஐம்பத்தேழாம் வருஷம் மாசி மாதம் குடிநிலைத் தீர்மானக் காரியாலயத்திலிருந்து ஓர் ஓலை வந்தது. தாம் இன்ன தேசத்தவர் என்று தொண்ணூறு நாட்களுக்குள் நிரூபிக்கத் தவறினால் ஆலை பூட்டி முத்திரையிடப்படும் என்று அதில் மிகுந்த மரியாதையோடு எழுதியிருந்தது.

விஷயம் சிக்கலானதே அல்ல. அவன் அப்பா சுப்பிரமணியன் அரியாங்குப்பத்துக்காரர். பிழைப்புத் தேடி, அன்று பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனுக்குப் போய், அங்கே மார்க்கெட்டில் வரி வசூல் செய்தார். அந்த ஊர்ப் பெண் லியென் என்பவளைக் கட்டிக்கொண்டார். கல்யாணத்துக்குத் தெருவே வந்து சாப்பிட்டது. யாரும் அதை எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை, சாப்பாடு அவ்வளவு நன்றாக இருந்திருக்க வேண்டும். அப்பா இறந்ததும் பிள்ளை அம்மாவையும் இயந்திரத்தையும் கூட்டிக்கொண்டு அப்பாவின் ஊருக்கு வந்தான். லியென் முப்பது வருஷம் புருஷனிடம் கற்ற அரியாங்குப்பத்துத் தமிழைப் பேசினாள். ஒரே ஒரு சொல்லை மட்டும் அவள் மாற்றிக்கொள்ளவில்லை. முப்பத்திரண்டு வயதுச் சேமியா முதலாளியை அவள் இன்னும் "கோன்" என்றுதான் கூப்பிடுவாள். அவள் பாஷையில் அதற்குக் குழந்தை என்று அர்த்தம். அவன் அவளை "மா" என்பான்.

காரியாலயம் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு பழைய வெள்ளைக்காரர் பங்களாவில் இருந்தது. மாடியில் ஒரே அறை, இரண்டு மேசை. இடது மேசையில் கடலூரிலிருந்து மாற்றலாகி வந்த தீர்மான அதிகாரி இராமதாஸ். வலது மேசையில் பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே இருக்கும் ஒகுஸ்த் முசியே, அதாவது ஒகுஸ்த் ஐயா. சித்திரை வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். இருவருக்கும் தனித்தனி முத்திரை, தனித்தனி மைக்கூடு. மின்விசிறி மட்டும் பொது.

இராமதாஸ் நிலைமையை விளக்கினார்.

"ஐம்பத்துநாலு நவம்பர் ஒண்ணாம் தேதியிலேருந்து நீங்க நிக்கிற இந்தத் தரை உண்மையில இந்தியா. ஆனா பாரிஸ்ல இன்னும் ஒப்புதல் குடுக்கல. அதனால சட்டப்படி இது பிரான்சு. உண்மை என் மேசை. சட்டம் முசியே மேசை. ரெண்டையும் நாங்க கலக்கறதில்ல."

"அப்ப நான் இப்போ எங்க இருக்கேன் சார்?"

"அதத்தான் தீர்மானிக்கப் போறோம். அவசரப்படாதீங்க."

ஒகுஸ்த் முசியே மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி சட்டத்தை எடுத்து வைத்தார். "சைகோன்ல பொறந்தப்போ சட்டப்படி பிரெஞ்சு மண்ணுல பொறந்தீங்க. இங்க எறங்கினப்பவும் சட்டப்படி பிரெஞ்சு மண்ணுலதான் எறங்கினீங்க. ஆக நீங்க எங்கயும் போவல, எங்கயும் வரல. வராத ஆளுக்கு வந்த தேதி போட்டு நான் எப்பிடி முத்திரை குத்தறது?"

"உண்மையில வந்துட்டாரு" என்றார் இராமதாஸ்.

"அது உங்க மேசை" என்றார் ஒகுஸ்த்.

பிறப்புப் பதிவு கேட்டு ஜானகிராமன் சைகோனுக்கு எழுதினான். அது பிரெஞ்சுக்காரர் வைத்திருந்த பதிவேடு, அவர்களிடமே கேட்கவும் என்று பதில் வந்தது. பிரெஞ்சுக்காரர்களிடம் கேட்டான். பதிவேடு சைகோனில் இருக்கிறது, அங்கே கேட்கவும் என்று பதில் வந்தது. இரண்டு கடிதங்களும் நல்ல தாளில் இருந்தன. பிறகு அரியாங்குப்பத்துக்குப் போய்ச் சித்தப்பா கலியபெருமாளிடம் ஒரு கையெழுத்துக் கேட்டான். சித்தப்பாவுக்கு வயலில் அண்ணன் பாகம் நினைவுக்கு வந்தது. "அண்ணனுக்கு அங்க புள்ள பொறந்துதா இல்லியான்னு நான் கப்பலேறிப் போயி பாத்தனா?" என்று கேட்டுவிட்டு மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார்.

அப்போதுதான் ஜானகிராமனுக்கு அந்த எளிய யோசனை வந்தது. தான் பிறந்ததை நேரில் பார்த்த ஒருத்தி வீட்டிலேயே இருக்கிறாளே!

லியென் பெட்டியிலிருந்து கருநீலப் பட்டுச் சட்டையையும் வெள்ளைக் காற்சட்டையையும் எடுத்து உடுத்திக்கொண்டு, கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு கிளம்பினாள். டூப்ளே வீதியில் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜானகிராமன் அவளுக்கு இரண்டு அடி முன்னால் நடந்தான். அவசரத்தால் அல்ல. இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு கடைக்காரர் "கூட வர்ற சீனாக்காரம்மா யாரு?" என்று கேட்டதற்கு "தெரிஞ்சவங்க" என்று சொல்லியிருந்தான். அன்று முதலே அந்த இரண்டு அடி இருந்தது. அதை யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

"என்னப் பெத்தவங்க சார். இவங்களவிட நல்ல சாட்சி யாரு இருக்க முடியும்?"

"நானு இருந்தேன்யா" என்றாள் லியென். "ரெண்டு நாளு வலி. மூணாம் நாளு காலையில பொறந்துது."

இராமதாஸ் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. "இந்த அம்மா சம்பவம் நடந்தப்போ சம்பவ இடத்துல இருந்திருக்காங்க. அதோட போச்சா, சம்பவத்துல நேரடியாவே பங்கெடுத்திருக்காங்க. பங்கெடுத்தவங்க நடுநிலைச் சாட்சி ஆவ முடியாது. நாளைக்கு எல்லாத் தாய்மாரும் வந்து என் புள்ள, என் புள்ளன்னு நின்னா அரசாங்கம் நடக்குமா?"

ஒகுஸ்த் இன்னும் மோசமான சேதியைச் சொன்னார். "இப்ப ஒண்ணு நிச்சயமாயிடுச்சி முசியே ஜானகிராமன். உங்க அப்பாவுக்குத் தாள் இல்ல. அம்மா கண்ணெதிர்ல நிக்கறாங்க. அம்மா நிச்சயமா அந்நியர். அதனால நீங்களும் நிச்சயமா அந்நியர். அந்நியருக்கு ஆலை உரிமம் கெடையாது. இவங்கள நீங்க கூட்டியாந்திருக்கவே கூடாது."

லியென் வாசலுக்குப் போனதும் அவர் குரலைத் தாழ்த்தினார். நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். பிறப்பைப் பதிவு செய்யாதவர்களுக்குச் சட்டத்தில் வழி இருக்கிறதாம். சொந்த ஆதாயம் எதுவும் இல்லாத ஏழு பேர் வந்து, இன்னார் இன்ன இடத்தில் பிறந்தது ஊரறிந்த விஷயம் என்று சத்தியம் செய்தால் போதுமாம். எதிரே பூவரச மரத்தடியைக் காட்டினார்.

மரத்தடியில் அந்த ஏழு பேரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் வடிவேலுக்கு எழுபது வயது இருக்கும். நெற்றி நிறையத் திருநீறு, சட்டைப் பையில் பேனா.

"இதுவரைக்கும் நானூத்திப் பன்னெண்டு பொறப்பு பாத்திருக்கேன்" என்றார் வடிவேல். "ஒரு புள்ளகூடத் தவறினதில்ல. நீ எங்க பொறந்த?"

"சைகோன்லீங்க."

வடிவேலுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் கடலே தாண்டினதில்ல. என்னப் பொய் சொல்லச் சொல்றியா? நான் பாத்த எடத்துல பொறந்தாத்தான் சாட்சி சொல்லுவேன். முத்தியால்பேட்டையில பொற. நடந்து போற தூரம்."

"அம்மா..."

"அம்மா இருக்கக் கூடாது தம்பி. இருந்தா கூட்டியான்னு சொல்லுவாங்க, அப்புறம் வம்பு. செல்வாம்பாள்னு வெச்சிக்க. புள்ள பொறந்த நாலாம் நாளு ஜன்னி கண்டு போயிட்டாங்க. எங்ககிட்ட வர்ற நெறைய பேருக்கு அவங்கதான் அம்மா. பழகின கதை, யாரும் தடுமாற மாட்டாங்க."

ஜானகிராமன் இதைக் கேட்டுத் துடித்துப் போயிருக்க வேண்டும். அவன் துடிக்கவில்லை. முடியாது என்று எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. பூட்டிய ஆலையையும் வாசலில் நிற்கும் பன்னிரண்டு பெண்களையும் நினைத்துப் பார்த்தான், அது உண்மைதான். ஆனால் அதற்கும் முன்னால், ஒரு கணம், மனசு லேசானது. தெரிஞ்சவங்க என்று சொல்லிச் சமாளிக்கும் வேலை இனி இல்லை. அந்த லேசான கணத்துக்காக அவன் சாகும்வரை வெட்கப்பட்டான். பட்டு என்ன செய்ய, சரி என்று சொல்லி ஏழு பேருக்கும் முட்டைத் தோசை வாங்கிக் கொடுத்துவிட்டான்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று நாள் தவித்தான். நாலாம் நாள் பகலில் அவள் கழியில் தொங்கிய சேமியாவை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் முதுகைப் பார்த்துச் சொல்லி முடித்தான்.

அவள் திரும்பவில்லை. "அந்தம்மா எப்பிடி செத்தாங்க?"

"ஜன்னி கண்டு, மா."

"எத்தினி வயசு?"

அது அவனுக்குத் தெரியாது. வடிவேல் சொல்லவில்லை.

"பாவம்" என்றாள் லியென். "கேட்டு வெய்யி கோன். யாராவது கேட்டா நானும் சரியா சொல்லணும் இல்ல?"

விசாரணை ஒரு வியாழக்கிழமை நடந்தது. ஏழு பேரும் ஒருவர் பின் ஒருவராகச் சத்தியம் செய்தார்கள். பிரசவத்தன்று அடைமழை என்றார் வடிவேல். நிலா பால் மாதிரி காய்ந்தது என்றார் அடுத்தவர். இராமதாஸ் 'நிலவுடன் கூடிய மழை' என்று எழுதிக்கொண்டார். மூன்றாமவர் செல்வாம்பாளின் கடைசி வார்த்தைகளைச் சொல்லும்போது தேம்பி அழுதார். அழுகை மற்றவர்களுக்கும் தொற்றியது. ஒகுஸ்த் கைக்குட்டையை எடுத்தார். ஜானகிராமனுக்கே அழுகை வந்தது. இல்லாத ஒருத்திக்காக அழத் தெரிகிறதே என்று அப்போதும் வெட்கமாகத்தான் இருந்தது.

இராமதாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பிரச்சினையை எழுப்பினார். "இந்த ஊர்ல செல்வாம்பாள்னு பேரு இருக்கற தாய்மார்கள் பிரசவமாகி நாலாம் நாள் இறந்துபோறது வழக்கமா இருக்கு. இந்த வருஷம் மட்டும் முப்பத்தொரு கேசு. அரசாங்கம் இதக் கவனிக்காம இல்ல. சுகாதாரத்துக்கு எழுதியிருக்கேன். அந்தப் பேரு வைக்கறதயே தடுக்கலாமான்னு யோசிக்கறோம்." பிறகு, தாய் உண்மையிலேயே இறந்திருக்கிறாரா என்று வீட்டுக்கு வந்து பார்வையிட நாள் குறித்தார்.

இறந்த தாய் என்றால் மாலை போட்ட படம் வேண்டும். போட்டோ ஸ்டூடியோவில், எடுத்துவிட்டு வாங்காமலே போன ஒரு பெண்ணின் படம் தூசி படிந்து கிடந்தது. ஜானகிராமன் அதைச் சட்டம் போட்டு வாங்கி வந்தான். லியென் அதைச் சட்டைக் கையால் துடைத்தாள். "யாருமே வந்து வாங்கிக்கலியா?" என்று கேட்டாள். வேலை செய்யும் பெண்களிடம் மல்லிகை கேட்டு வாங்கி, தானே தொடுத்து, முக்காலியில் ஏறி மாலை போட்டாள். பார்வையிட வரும் நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஆனாலும் தினமும் பூ மாற்றினாள்.

அதிகாரிகள் இருவரும் சேர்ந்தே வந்தார்கள். ஒருவர் உண்மையில் இறந்திருக்கிறாரா என்று பார்க்க, மற்றவர் சட்டப்படி இறந்திருக்கிறாரா என்று பார்க்க. படத்தின் முன்னால் இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். இறந்திருக்கிறார் என்று இராமதாஸ் குறித்துக்கொண்டார்.

அடுக்களைக் கதவருகில் லியென் வந்து நின்றாள். அரக்குச் சேலை கட்டியிருந்தாள். அந்தச் சேலையை அவன் பார்த்ததே இல்லை, வேலைக்காரப் பெண் ஒருத்தியிடம் இரவல் வாங்கியிருக்க வேண்டும்.

"மொதலாளி, பாயசம் கொண்டாரட்டுங்களா?"

அந்தச் சொல்லை அவன் சொல்லிக் கொடுக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

"இவங்க அன்னிக்கி ஆபீசுக்கு..." என்று ஆரம்பித்தார் ஒகுஸ்த்.

"சமையல்காரி" என்றான் ஜானகிராமன். குரல் நடுங்கும் என்று எதிர்பார்த்தான். நடுங்கவில்லை. "சைகோன்லேருந்து அப்பா அனுப்பி வெச்சவங்க. வயசாயிடுச்சி, ஏதோ கொழப்பத்துல அன்னிக்கி அப்பிடி..."

"அதானே பாத்தேன்" என்றார் இராமதாஸ், பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே. அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அதே மூக்கு, அதே நெத்தி. ரொம்ப நாளா ஒரே கையால சாப்பிட்டா ஜாடைகூட ஒட்டிக்கும்போல. இன்னும் கொஞ்சம் ஊத்து பாட்டி."

அவள் ஊற்றினாள்.

வைகாசியில் சான்றிதழ் கிடைத்தது. ஜானகிராமன், தாய் செல்வாம்பாள், பிறப்பிடம் முத்தியால்பேட்டை. இரண்டு முத்திரைகளும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து எதுவும் படிக்க முடியாமல் இருந்ததால் அது செல்லும் என்று ஒகுஸ்த் உறுதி சொன்னார். இராமதாஸ் எழுந்து நின்று ஒரு சின்னச் சொற்பொழிவு செய்தார். "இந்தக் காரியாலயம் ஒரு மனுஷனுக்கு அவன் யாருன்னு சொல்லுது. அதுக்கு மேல ஒரு அரசாங்கம் என்ன செய்ய முடியும்? நீங்க இனிமே யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல." ஜானகிராமன் கும்பிட்டான். ஆலைக்குப் போய் இயந்திரத்தின் வயிற்றுத் தகட்டைத் தடவிப் பார்த்தான். அதில் இன்னும் மார்செய் என்றுதான் இருந்தது. எந்த அதிகாரியும் அதை மாற்றச் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து இன்னோர் ஓலை வந்தது. தங்கள் வீட்டில் லியென் என்ற அந்நியப் பெண் வேலை செய்வதாகத் தெரிகிறது, எஜமானர் என்ற முறையில் அவரை நேரில் அழைத்துவந்து பதிவு செய்ய வேண்டும், தவறினால் அவர் நாட்டைவிட்டு அனுப்பப்படுவார் என்று அதில் இருந்தது.

அரக்குச் சேலையிலேயே அவள் வந்தாள். இராமதாஸ் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"பேரு?"

"திரான் தி லியென்."

"தொழில்?"

"சமையலுங்க."

"இந்தியாவுல சொந்தக்காரங்க யாராவது?"

லியென் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜானகிராமன் ஜன்னலைப் பார்த்தான். இப்போது வாயைத் திறந்தால் ஆலை போகும், சான்றிதழ் போகும், ஏழு பேரும் ஜெயிலுக்குப் போவார்கள். திறக்காமல் இருந்தால் என்ன போகும் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. வாய் திறக்கவில்லை.

"யாருமில்லீங்க" என்றாள் அவள்.

"புள்ளைங்க?"

மின்விசிறி ஒரு சுற்று வலது மேசைக்குப் போய்த் திரும்பி வந்தது.

"ஒண்ணு பொறந்துதுங்க. ரெண்டு நாளு வலி." அவள் படிவத்திலிருந்து கண்ணை எடுத்தாள். "நாலாம் நாளு ஜன்னி கண்டு போயிடுச்சி."

இராமதாஸ் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். அவருக்குத் தாங்கவில்லை. "பாத்தீங்களா முசியே? முதலாளிக்குத் தாய் இல்ல, வேலைக்காரிக்குப் புள்ள இல்ல. ரெண்டும் அதே நாலாம் நாளு. எப்பிடிப் பொருத்தமா சேர்ந்திருக்காங்க!" பிறகு ஜானகிராமன் பக்கம் திரும்பி, "நல்லபடியா வெச்சிக்கங்க. பெத்த தாய் மாதிரி பாத்துக்கங்க. அரசாங்கம் எதிர்பாக்கறது அவ்வளவுதான்" என்றார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூட்டி வந்து, இதே கேள்விகளுக்கு இதே பதில்களைச் சொல்லிப் புதுப்பிக்க வேண்டும் என்றும் சொன்னார். எஜமானர் கையெழுத்து என்ற இடத்தில் ஜானகிராமன் கையெழுத்துப் போட்டான். அவளுடைய கட்டை விரலைப் பிடித்து மையில் ஒற்றி எடுத்தவர் ஒகுஸ்த்.

வெளியே வெயில் சுட்டது. பூவரச மரத்தடியிலிருந்து வடிவேல் பெரிய கும்பிடு போட்டார். ஜானகிராமன் ஒரு புஷ் வண்டியை நிறுத்தினான், பின்னாலிருந்து ஆள் தள்ளிக்கொண்டு போகிற பழைய வண்டி. இருவர் தாராளமாக உட்காரலாம்.

"மா" என்று கூப்பிட்டான். "ஏறு மா. நான் செஞ்சது... ஏறு மா, வீட்டுக்குப் போயிடலாம்."

அவள் இரண்டு அடி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். விரலில் இருந்த மையைச் சேலைத் தலைப்பில் படாமல் தள்ளிப் பிடித்திருந்தாள், இரவல் சேலை. பங்களா மாடியைக் கண்ணால் காட்டினாள். அங்கே ஜன்னலில் இராமதாஸும் ஒகுஸ்தும் நின்று இவர்களை அன்போடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாக்கறாங்க மொதலாளி" என்றாள் மெதுவாக. "நீங்க ஏறி உக்காருங்க. நான் பின்னால நடந்து வர்றேன்."

அவன் ஏறி உட்கார்ந்தான்.